பர்கூர் பக்கம் ஒரு நல்ல பாறையைக் கழித்துக்கட்டிய நாள்

மின்வெட்டுக்கு நன்றி சொல்லிப் பயணக் கட்டுரை தொடங்குகிறவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 1987 பிப்ரவரி அது. கரண்ட் தட்டுப்பாடு என்று ஓசூர்த் தொழிற்பேட்டையில் கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனிக்கு வாய்த்தது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் துணி துவைக்க வேண்டும், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும், யாராவது ஒரு மாமா பெண்ணின் ஜாதகத்தோடு வந்து நிற்பார். வியாழக்கிழமை விடுமுறையை உலகத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது முழுக்க முழுக்க நம்முடையது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இன்ஸ்பெக்டர். அதாவது, மற்றவர்கள் கஷ்டப்பட்டுச் செய்து கொடுப்பதை அளந்து பார்த்துக் குறை சொல்லச் சம்பளம் வாங்குகிறவன். மத்திகிரியில் வாடகை அறை. கால்நடைப் பண்ணை பக்கத்திலேயே என்பதால் அலாரம் வாங்கும் செலவு மிச்சம். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். மாதத்துக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம் என்று எனக்கு நானே ரேஷன் வைத்துக்கொண்டேன். யாருக்காக எடுக்கிறாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பியதில்லை. பாறை மேல் சாய்வாக வெயில் விழுவதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும், அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ள ஆசை, அவ்வளவுதான்.

கூட வந்தவர் பாஷா. அதே கம்பெனியில் பெயின்ட் ஷாப். கிருஷ்ணகிரிக்காரர், குடும்பத்தில் எல்லாருக்கும் மாங்காய் வியாபாரம், இவருக்கு மட்டும் படம் வரைகிற பைத்தியம். நான் ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் பென்சிலால் ஒரு பக்கம் வரைந்துவிட்டு, "இன்னும் ஃபோகஸ் ஆவலியா தஞ்சாவூரு?" என்று கேட்பார். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஸ்கூட்டர் அவருடையது என்பதால் அந்த மரியாதைக் குறைவை நான் பொருட்படுத்தியதில்லை.

எங்கே போவது என்பதை முடிவு செய்தது கம்பெனி கேன்டீன். சாம்பார் ஊற்றுகிறவர் பர்கூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க ஊராண்ட பொம்மகுட்டன்னு ஒண்ணு இருக்குது சார். குதிரை, ஆளுங்க எல்லாம் வெள்ளையா எழுதி வெச்சிருக்குது. யாரு எழுதுனதுன்னே தெரியாது" என்றார். எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டினேன். குட்டை என்றால் என்ன என்று தஞ்சாவூர்க்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? குளத்துக்குத் தம்பி குட்டை. பாஷாவிடம் போய், ஒரு குளம் இருக்கிறது, பழைய படித்துறை இருக்கிறது, சுற்றுச்சுவரில் ஓவியம் இருக்கிறது என்று நேரில் பார்த்த மாதிரி சொன்னேன். அவர் குளிப்பதற்கு ஒரு துண்டும் சோப்பும் எடுத்து வைத்தார்.

இனி நேரம், தூரம், செலவு. இவற்றைக் குறித்து வைப்பது என் தொழில் கொடுத்த வியாதி. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அதனால் எண்களை நம்பலாம்.

காலை 5.30க்கு மத்திகிரியில் புறப்பட்டோம். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து ரூபாய். பிப்ரவரி ஓசூர்க் குளிரைப் பற்றிச் சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். குரங்குக் குல்லாய், மேலே ஒரு மஃப்ளர், அதற்கும் மேலே பாஷாவின் முதுகு என்று மூன்று பாதுகாப்பு எனக்கு. ஓட்டுகிற பாஷாவுக்கு எதுவுமில்லை. அப்போது நெடுஞ்சாலை இரண்டு லாரி உரசாமல் போகும் அகலம்தான். எதிரே வருகிற லாரி விளக்கை அணைத்து மரியாதை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

6.35க்கு சூளகிரி. மலை பின்னாலிருந்து வெளிச்சம் கசியத் தொடங்கியிருந்தது. டீ ஐம்பது பைசா. கண்ணாடி டம்ளரைக் கன்னத்தில் வைத்துச் சூடு வாங்கிக்கொண்டபின் நான் இரண்டு படம் எடுத்தேன், பாஷா மலையை நாலு கோட்டில் முடித்துவிட்டார். 7.45க்கு கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கே இட்லி, வடை, இருவருக்கும் சேர்த்து ஆறு ரூபாய். மதியத்துக்கு நாலு பரோட்டா கட்டி வாங்கிக்கொண்டோம். வழியெல்லாம் மாந்தோப்பில் பூ. அந்த வாசனை ஸ்கூட்டர் புகையையும் தாண்டி வந்தது. பாஷா மட்டும் ரசிக்கவில்லை. "பூவப் பாத்தா எங்க அண்ணன் கணக்குதான் ஞாபகம் வருது" என்றார்.

பர்கூர் வந்தபோது 8.50. அங்கிருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டர் மண் ரோடு. இந்தப் பக்கம் வந்தால் முதலில் கண்ணில் படுவது கல்தான். வேலி கல், வீட்டுச் சுவர் கல், கிணற்று மேடை கல், திராட்சைப் பந்தலுக்குக் கால்கூடக் கல். எங்கள் ஊரில் நாயை விரட்ட ஒரு கல் வேண்டுமென்றால் ரயில்வே லைனுக்குத்தான் போக வேண்டும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஊர் எல்லையில் புல்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டோம். இங்கேதான் என் தமிழ்ப் பற்று வேலையைக் காட்டியது. 'பொம்மகுட்ட' என்பது கொச்சையாகப் பட்டதால், "அம்மா, குட்டை எங்கே இருக்கிறது?" என்று திருத்தமாகக் கேட்டேன். அவர் திருத்தமாக வழி சொன்னார். போய்ச் சேர்ந்தோம். நிஜமாகவே ஒரு குட்டை. பதினோரு எருமைகள். படித்துறை இல்லை, சுவர் இல்லை, ஓவியம் இல்லை. விடுவேனா? சுற்றி வந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன். ஒரு மணி நேரம். நாலு படம் எருமைக்கே செலவாயிற்று. பாஷா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் மாட்டைக் கழுவ வந்த விவசாயி ஒருவர்தான் தீர்த்து வைத்தார். "பொம்மகுட்டயா? அது இங்க இல்லீங்களே. அதோ, அதுதாங்க" என்று வடக்கே கையை நீட்டினார். அங்கே ஒரு சின்ன மலை, வெயிலில் பழுப்பாக உட்கார்ந்திருந்தது.

"அது மலையாச்சே?" என்றேன்.

"ஆமாங்க. தெலுங்குல குட்டன்னா மலைங்க. எங்களுக்கு அதுவும் குட்ட, இதுவும் குட்ட. எந்தக் குட்டன்னு கேக்கறவங்கதான் சொல்லணும்."

பாஷா சிரிக்கத் தொடங்கியவர் ஸ்கூட்டரை உதைக்க முடியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தெலுங்குக்காரங்ககிட்டதான் நாங்க மாங்கா புடிக்கறோம், எனக்கு குட்டன்னா தெரியாதாப்பா? நீ குளங்கற, படித்துறைங்கற, நானும் நம்பிட்டேன். அளக்கறது உன் வேலன்னு தெரியும். இந்த அளவுக்கு அளப்பேன்னு தெரியாது." அன்று முழுவதும் எந்த மேட்டைக் கண்டாலும், "தஞ்சாவூரு, அதுல நீச்சல் அடிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மலையடியில் வண்டியை நிறுத்தியபோது மணி 10.40. அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. தூரத்திலேயே டக், டக், டக் என்று உளிச் சத்தம் கேட்டது. ஏற்றத்தின் இடது கைப் பக்கத்தில் கல் உடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பு வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக அடித்துக்கொண்டே போகிறார்கள். ஒரு கட்டத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். சத்தமே இல்லாமல் பாறை இரண்டாகப் பிரிகிறது. ரொட்டியைப் பிய்த்தால் வருகிற சத்தம்கூட இல்லை. எத்தனையோ மெஷின் பார்த்த ஆள் நான், அந்தக் காத்திருப்பைப் பார்த்துச் சொக்கிப்போனேன். அதற்கு மூன்று படம்.

கூட்டத்துக்கு மேஸ்திரி முனியப்பா. ஐம்பது வயதிருக்கும், கையில் மண்வெட்டிக்காம்பு போல நரம்பு. வந்த காரியத்தைச் சொன்னேன். "பொம்மயா? வாங்க, காட்டறேன். பாத்துக் கால வைங்க, சில்லு குத்தும்" என்று முன்னால் நடந்தார்.

வேலை நடக்கும் இடத்திலிருந்து நூறு அடி மேலே அந்தப் பாறை. இரண்டு ஆள் உயரம், ஒரு பக்கம் முன்னால் சாய்ந்து கூரை மாதிரி நிழல் தந்தது. நிழலில் தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தூக்குகள், ஒரு கயிற்றுத் தூளி. அவற்றுக்கு மேலே, கண் உயரத்தில், வெள்ளைப் படங்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பறவை எச்சம் என்று நினைத்தேன். கண் பழகப் பழக ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குதிரை மேல் ஒரு ஆள், கையைத் தூக்கியபடி. பக்கத்தில் கைகோர்த்து மூன்று பேர். தள்ளி ஒருவன், காலையும் கையையும் நாலு மூலைக்கு நீட்டிக்கொண்டு, ஆடுகிறானா விழுகிறானா என்று தெரியவில்லை. எல்லாம் சாண் அளவுதான். விரலால் இழுத்த கோடுகள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், கண் கலங்கியது. எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் நின்றபோதுகூட இப்படி ஆனதில்லை. அங்கே ராஜா தெரிவார். இங்கே ஒரு ஆளின் விரல் தெரிந்தது.

என் தொழில் புத்தி உடனே வேலையை ஆரம்பித்தது. "பாய், குதிரைக்கு அஞ்சு கால்" என்றேன். இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் சொன்னேன்.

பாஷா நோட்டை விரித்து ஏற்கெனவே வரைந்துகொண்டிருந்தார். "ஓடுதுப்பா அது. நீ ஷட்டர ஸ்லோவா வெச்சு எடுத்தா கால் அதிகமாத் தெரியாது? அவனுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வெளிச்சம் உச்சிக்கு ஏறிவிட்டதால் படங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. தண்ணீர் தெளித்தால் இந்த மாதிரி ஓவியம் பளிச்சென்று எழும்பும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கையை ஓங்கிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு சத்தம். முனியப்பாவின் மனைவி லட்சுமம்மா. "ஏங்க சார், குடிக்கிற தண்ணிங்க அது! கீழ கெணத்துலருந்து தூக்கியாந்தது. கல்லுக்கா தாகம் எடுக்குது?" சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் ஊற்றுவது ஓவியத்தைக் கெடுக்கும் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாவுக்குக் கும்பிடு.

அப்போதுதான் முனியப்பா சாதாரணமாகச் சொன்னார். "நல்ல நாள்ல வந்தீங்க சார். இன்னிக்கு மூணு மணிக்கு குவாரி சூப்பர்வைசர் வராரு. இந்தக் கல்லுக்கும் நம்பர் போட்டுருவாருன்னு நெனைக்கறேன். போட்டுட்டாருன்னா திங்கக்கெழம ஒடைக்கறோம்."

அவர்கள் முறை எளிமையானது. உடைக்க வேண்டிய பாறைக்கு மஞ்சள் பெயின்ட்டில் நம்பர். உள்ளே விரிசல் ஓடுகிற சொத்தைப் பாறைக்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அதைத் தொட மாட்டார்கள், உழைப்பு வீண். எங்கள் கம்பெனியிலும் கழித்துக்கட்டிய பாகத்துக்கு அதே சிவப்பு, அதே குறி. இந்தப் பாறைக்கு மட்டும் இதுவரை நம்பர் விழாமல் போனதற்குக் காரணம் அந்தக் கைகால் நீட்டிய வெள்ளை ஆள்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி. முந்திய குத்தகைக்காரர் போட்ட குறியோ என்று சூப்பர்வைசர் ஆறு மாதமாகச் சந்தேகத்தில் விட்டு வைத்திருக்கிறார்.

எனக்கு வந்த சந்தோஷமெல்லாம் இறங்கிவிட்டது. மணி 12.20. பாறைக்கு இன்னும் இரண்டரை மணி நேரம்.

மதியம் எல்லாரும் அந்த நிழலுக்கே வந்தார்கள். எங்கள் பரோட்டாவைப் பார்த்து லட்சுமம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஆளுக்கொரு உருண்டை களியும் கீரைக் குழம்பும் கொடுத்தார். பரோட்டா, தூளியில் இருந்த குழந்தையின் அக்காவுக்குப் போயிற்று. களியைக் கடிக்கக் கூடாது, முழுங்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

"யாருங்க வரஞ்சிருப்பாங்க?" என்று பாஷா கேட்டார்.

"பாண்டவங்க காட்டுக்கு வந்தப்ப எழுதுனதுன்னு சொல்லுவாங்கோ" என்றார் லட்சுமம்மா.

முனியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு ஆயிரம் ரோதன, பொம்ம எழுதிட்டு இருப்பாங்களா? யாரோ மாடு மேய்க்க வந்தவன். மழைக்கு ஒதுங்கியிருப்பான். கை சும்மா இருக்காது இல்லீங்களா?"

நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் வெளியே போகும் ஒவ்வொரு பாகத்திலும் பார்த்தவனுடைய முத்திரை இருக்கும். இவன் பெயர் போடவில்லை. யாரும் கேட்கவில்லை, கூலி கொடுத்திருக்க மாட்டார்கள், பார்க்க ஆள் வரும் என்று நினைத்தானோ இல்லையோ. மழை நின்றிருக்கும், எழுந்து போயிருப்பான். எடுத்த படங்களை ட்ரங்குப் பெட்டியில் போட்டு மூடுகிற எனக்கு அவன் சொந்தக்காரன் போலப் பட்டான். கலை எதற்கு என்று கனமான புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். மழைக்கு ஒதுங்கியவனின் கை சும்மா இருக்காது என்பதைவிட நல்ல பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

2.50க்கு மோட்டார் சைக்கிள் சத்தம். சூப்பர்வைசர் இளைஞர்தான், என் வயது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கையில் இரண்டு பெயின்ட் டப்பா. நாங்கள் யார் என்று விசாரித்தார். ஓசூர்க் கம்பெனியில் தரப் பரிசோதனை என்றதும் முகம் மலர்ந்தது. "அப்ப கரெக்டான ஆளு சார் நீங்க. இந்த வெள்ளக் குறி என்னன்னு பாத்துச் சொல்லுங்க. ரிஜெக்ட் மார்க்கா?"

முதலில் உண்மையைத்தான் சொன்னேன். இது குறி இல்லை, ஓவியம், எத்தனை ஆயிரம் வருடமோ ஆகியிருக்கும், ரொம்பப் பழசு, உடைக்கக் கூடாது என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பழசுன்னு சொல்றீங்க, சரி. கல்லு அதவிடப் பழசுதான சார்? அதத்தான தெனம் ஒடைக்கறோம்?"

நான் குதிரையைக் கையால் காட்டினேன். அவர் பாறையின் அடியைத்தான் பார்த்தார்.

"எனக்கு வேண்டியது ஒண்ணுதான். கல்லு நல்ல கல்லா, சொத்தையா? மேஸ்திரி, தட்டுங்க."

நல்ல பாறை சுத்தியல் பட்டால் மணி போல ஒலிக்கும், விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும். மண் பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதில்லையா, அதேதான். முனியப்பா படம் இல்லாத பக்கமாகப் போய்த் தட்டினார். ணங் என்று தெளிவாகக் கேட்டது. எனக்கே கேட்டது. அவர் தலையை இடமும் வலமும் ஆட்டி, "சத்தம் சரியில்லீங்க. உள்ள ஓடுது" என்றார்.

சூப்பர்வைசர் சிரித்தார். "உங்களுக்கு நெழலு போயிடும்னு கவல. நீங்க வேற என்ன சொல்லுவீங்க?" சுத்தியலை வாங்கி என்னிடம் நீட்டினார். "சார், நீங்க தட்டுங்க. உங்களுக்கு இதுல லாபமுமில்ல, நட்டமுமில்ல. நீங்க சொன்னா நான் மேல சொல்லிக்கலாம்."

சுத்தியல் கனமாக இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பாஷா பென்சிலை நிறுத்திவிட்டார். ஆறு வருட வேலையில் கெட்ட பாகத்தை நல்லது என்று விட்டதில்லை, நல்லதைக் கெட்டது என்று தள்ளியதும் இல்லை. ஒரு போர்மேன் கையைப் பிடித்துக் கெஞ்சியும் மசியவில்லை. இரண்டு தடவை தட்டினேன். கோயில் மணி தோற்றது. அவ்வளவு சுத்தமான கல். காதை வைத்துக் கேட்பது போல நடித்தேன். இன்னொரு தரம் தட்டினேன்.

"ஓடுது" என்றேன். "குறுக்கால ஓடுது. பாதியில பொளந்துக்கும்."

சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா, நம்பியதாக வைத்துக்கொண்டாரா, தெரியாது. சிவப்பு டப்பாவைத் திறந்து பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். "அப்ப குறியையும் நீங்களே போட்டுடுங்க சார். நாளைக்கு யாராவது கேட்டா, ஓசூர்க் கம்பெனி இன்ஸ்பெக்டர் பாத்தாருன்னு சொல்லிடுவேன்."

குறியை எங்கே போடுவது? படம் இருக்கும் முகத்தில் ஒரு சொட்டு விழக் கூடாது. வேலை நடக்கிற பக்கம் தெரியும்படி இருந்தால்தான் ஆட்களுக்கு வசதி என்று ஒரு காரணம் சொல்லி, பாறையின் பின்பக்கம் போனேன். பாறையின் மேடுபள்ளத்தில் பிரஷ் இடறியதில் முதல் கோடு கோணலாக வந்தது. மூன்று அடிக்கு மூன்று அடி. தொழிலில் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அதுதான். வெட்கமாக இல்லாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் போனதும் முனியப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்களுக்கு நெழலு வேணும், உங்களுக்குப் பொம்ம வேணும். கல்லு ஒண்ணுதான் சார்" என்றார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற பழமொழியை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நிழலைக் கண்டவர்கள் அதில் சேர்த்தி இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

4.15க்கு வெயில் சாய்ந்து பாறையின் அடிக்குள் நுழைந்தது. வெள்ளைக் கோடுகள் எழுந்து நின்றன. மிச்சமிருந்த இருபத்தேழு படங்களையும் அங்கேயே தீர்த்தேன். பாஷா கைகால் நீட்டியவனை வரைந்து முனியப்பாவிடம் கொடுத்தார்; அவர் மடித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார். 5.10க்கு இறங்கினோம். மத்திகிரி வந்து சேர்ந்தபோது 8.45. ஸ்கூட்டர் மீட்டரில் போக வர 164 கிலோமீட்டர், குட்டையைச் சுற்றியது உட்பட.

படத்தோடு, சம்பந்தப்பட்ட அரசு அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் கடிதம் கிடைத்தது. பிறகு கல்யாணம், ஷிஃப்ட், குழந்தை என்று அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. பாறை இருக்கிறதா, போய்விட்டதா என்ற கேள்வி மட்டும் மாம்பூ வாசம் வரும்போதெல்லாம் வந்து உறுத்தும். பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

ஏழு வருடம் கழித்து, 1994 ஜனவரியில், பஸ்ஸில் தனியாகப் போனேன். ஏற்றம் அடையாளமே தெரியவில்லை. சுற்றி இருந்த பாறைகள் ஒன்றுகூட இல்லை, வெறும் பள்ளமும் சில்லும். உளிச் சத்தமும் இல்லை. குத்தகை முடிந்து எல்லாரும் வேறு மலைக்குப் போய்விட்டதாக ஆடு மேய்த்த ஒருவர் சொன்னார். நடுவே அந்தப் பாறை மட்டும் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குதிரைக்கு அதே ஐந்து கால். மூன்று பேரும் கைவிடாமல் நின்றார்கள்.

பின்பக்கம் போனேன். வெயிலிலும் மழையிலும் ஏழு வருடத்தில் என் குறி மங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். மங்கவில்லை. பளபளவென்று புதுச் சிவப்பு. கோணலான என் முதல் கோட்டின் மேலேயே, அந்தக் கோணலை விடாமல், யாரோ வருடா வருடம் பூசி வந்திருக்கிறார்கள். தடிமனைப் பார்த்தால் ஆறேழு பூச்சு இருக்கும். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முனியப்பாவை அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடையில் போகாதீர்கள்; தை, மாசிதான் சரி. பர்கூரில் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், மேலே எதுவும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், அது குடிப்பதற்கு மட்டும். படம் எடுப்பவர்கள் நாலு மணிக்குப் பாறையடியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், ஓவியத்தில் கை வைக்க வேண்டாம், சாக்பீஸால் கோடு இழுக்கவே வேண்டாம். வழி கேட்கும்போது எந்தக் குட்டை என்று தெளிவாகச் சொல்லுங்கள். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தப் பக்கம் மறுபடி கல் உடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. அதனால் பையில் ஒரு சின்ன டப்பா சிவப்பு எனாமலும் ஒரு அங்குல பிரஷ்ஷும் இருக்கட்டும். பாறையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மங்கியிருந்தால் ஒரு பூச்சு.